வேகம் வேண்டுமா? முதலில் டயரைப் பாருங்கள்!

கார் வாங்கிய வாலிபரிடம் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன?

"இது எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான்.

"இது எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று யாரும் கேட்பது இல்லை.

ஆனால், உயிரைக் காப்பாற்றுவது இரண்டாவது கேள்விதான்.

2022-ம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. இவர்களில் பத்துக்கு ஏழு பேரின் சாவுக்குக் காரணம் அளவு மீறிய வேகம் என்று அதே கணக்கு கூறுகிறது.

ஒவ்வொரு சாவுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. சோறு வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு தாய் இருக்கிறாள்.

"வேகமாகப் போகாதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத பெற்றோர் இல்லை. சொன்னால் மட்டும் போதுமா? போதாது. வாலிப வயதில் வேகத்தின் மேல் ஆசை வருவது இயற்கை. அந்த ஆசைக்குச் சரியான இடத்தைக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் சரியான பாடத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இடம், பந்தயத் தடம். பாடம், டயரும் பிரேக்கும்.

சோழவரத்தில் தொடங்கியது

மோட்டார் பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்த பிறகு, அதில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. 1953-ம் ஆண்டில் சென்னையில் மோட்டார் பந்தய சங்கம் தொடங்கப்பட்டது. பல ஆண்டுகள் சோழவரம் பந்தயம் என்றால் நாடு முழுவதும் தெரியும்.

பிறகு, பந்தயத்துக்கு என்றே தனித் தடம் வேண்டும் என்று சங்கத்தார் முயன்றார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே, பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டை என்ற இடத்தில் அந்தத் தடம் அமைந்தது. 1990-ம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 3.7 கிலோ மீட்டர். வளைவுகள் 12.

கோவை அருகே செட்டிப்பாளையத்திலும் ஒரு தடம் உண்டு. 2003-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. பந்தயக் கார்களை வடிவமைத்த கோவைக்காரர் கரிவர்தன் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அவர் 1995-ம் ஆண்டில் விமான விபத்தில் இறந்தவர்.

இந்தத் தடங்களில் பந்தயம் மட்டும் நடப்பது இல்லை. சில நாட்களில், சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் கட்டணம் கட்டி ஓட்டிப் பார்க்கலாம். இதை "டிராக் டே" என்று சொல்லுகிறார்கள்.

இது பந்தயம் அல்ல. பரிசு கிடையாது. கோப்பை கிடையாது. யாரையும் தோற்கடிக்க வேண்டியது இல்லை. எதிரே வண்டி வராது. குறுக்கே மாடு வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி வண்டி தயாராக நிற்கும். மஞ்சள் கொடி காட்டினால் ஆபத்து என்று பொருள், முந்தக் கூடாது. சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டம் நிறுத்தப்பட்டது; மெதுவாகத் திரும்பி வந்துவிட வேண்டும். நீலக் கொடி காட்டினால், பின்னால் வேகமான கார் வருகிறது; வழிவிட வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும், தடம் ஆபத்து இல்லாத இடம் அல்ல. 2023-ம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த பந்தயங்களில் இரண்டு பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் ஒருவன் 13 வயதுச் சிறுவன். அது பந்தயம், டிராக் டே அல்ல. என்றாலும், வேகம் எங்கே இருந்தாலும் வேகம்தான்.

ஆகவே, "தடத்துக்குப் போனால் போதும்" என்று சொல்ல முடியாது. எப்படிப் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

உள்ளங்கை அளவு

ஒரு கார் ஏறத்தாழ 1,000 கிலோ எடை இருக்கிறது. அதற்குள் நான்கு பேர் உட்காருகிறார்கள்.

இவ்வளவு எடையும் எதன் மேல் நிற்கிறது?

நான்கு டயர்களின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் ஆளின் உள்ளங்கை அகலம்தான்! நான்கு உள்ளங்கை இடத்தில்தான் நான்கு பேர் உயிரும் இருக்கிறது.

என்ஜின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதன் சக்தி அந்த உள்ளங்கை வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த உள்ளங்கை தரையைப் பிடித்தால்தான் கார் நிற்கும்.

இதைக் குடும்பச் சம்பளத்தோடு ஒப்பிடலாம்.

மாதச் சம்பளம் ஒரு தொகைதான். அதை அரிசிக்கும் செலவு செய்யலாம். துணிக்கும் செலவு செய்யலாம். முழுச் சம்பளத்தையும் அரிசிக்கே கொடுத்துவிட்டால், துணிக்கு ஒன்றும் மிஞ்சாது.

டயரின் பிடிப்பும் அப்படித்தான். பிரேக் போடுவது ஒரு செலவு. வளைவில் திரும்புவது இன்னொரு செலவு. பிடிப்பு முழுவதையும் பிரேக்கில் செலவு செய்துவிட்டு, அதே நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் என்ன ஆகும்? திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. கார் நேராகப் போய் மோதும்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கார் ஓட்டும் கலையில் பாதி புரிந்தது போல.

காற்றுதான் கணக்கு

தடத்துக்குப் போகும் வாலிபர்கள் பலர் வண்டியைக் கழுவிப் பளபளப்பாக்குகிறார்கள். சத்தம் போடும் புகைக்குழாய் மாட்டுகிறார்கள். டயரில் காற்று எவ்வளவு என்று கேட்டால், "போன மாதம் பங்கில் பிடித்தது" என்கிறார்கள்.

இது தலைகீழ் வேலை.

காரின் கதவைத் திறந்தால், பக்கத்துத் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எத்தனை பவுண்டு காற்று என்று காரைச் செய்தவர்களே அதில் அச்சடித்திருக்கிறார்கள். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை நேரத்தில் அந்த அளவுக்குக் காற்று இருக்க வேண்டும். முதல் முறை தடத்துக்குப் போகிறவர் அந்த அளவில் தொடங்குவதே நல்லது.

ஓட ஓட டயர் சூடாகும். சூடானால் உள்ளே காற்றின் அழுத்தம் ஏறும். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி கூடினால், அழுத்தம் ஏறத்தாழ ஒரு பவுண்டு கூடும். காலையில் 32 பவுண்டு இருந்த டயர், நான்கைந்து சுற்று ஓடிய பிறகு 38 பவுண்டைத் தாண்டினாலும் ஆச்சரியம் இல்லை.

அழுத்தம் மிகவும் ஏறினால், டயரின் நடுப்பகுதி பிதுங்கி நிற்கும். ஓரங்கள் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். உள்ளங்கை சுருங்கிவிடும். பிடிப்பு குறையும்.

"அப்படியானால் காற்றை நிறைய இறக்கிவிடலாமே?" என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் மடங்கும். மடங்கி மடங்கி நிமிர்ந்தால் சூடு ஏறும். கடைசியில் டயர் வெடிக்கலாம். சக்கரத்தை விட்டே கழன்றும் போகலாம்.

ஆகவே, அளந்து பார்த்து நடக்க வேண்டும்.

நான்கைந்து சுற்று ஓடி, வண்டி உள்ளே வந்த உடனே நான்கு டயரிலும் அளக்க வேண்டும். ஏறிய காற்றை ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டாக இறக்கிப் பார்க்க வேண்டும். அடுத்த ஓட்டத்தில் கார் எப்படித் திரும்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு தடத்தில் வலப்பக்க வளைவுகள் அதிகம் என்றால், இடப்பக்க டயர்களில் பாரம் விழும். அவைதாம் அதிகம் சூடாகும். இதெல்லாம் அளந்தால்தான் தெரியும்.

காசு செலவு இல்லாத ஒரு சோதனையும் உண்டு. டயரின் ஓரத்தில், பட்டன் இருக்கும் இடத்தில் இருந்து பக்கச் சுவர் வரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பிறகு வண்டியை ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்த்தால், தரை தொட்ட இடம் வரை கோடு அழிந்திருக்கும். கோடு பக்கச் சுவர் வரைக்கும் அழிந்திருந்தால், காற்று போதாது. ஓரத்துப் பட்டனில்கூட அழியாமல் இருந்தால், காற்று அதிகம். எந்தப் படிப்பும் இல்லாதவரும் இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

முக்கியமான ஒன்று: தடத்தில் காற்றை இறக்கியவர், வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்பவும் பிடித்துக்கொள்ள வேண்டும். மறந்துபோய் நெடுஞ்சாலையில் ஏறினால், தடத்தில் வராத ஆபத்து ரோட்டில் வரும்.

டயருக்கும் வயது உண்டு

பட்டன் தேயவில்லை என்பதால் டயர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ரப்பருக்கும் வயது ஆகும். நிழலில் நின்ற காரின் டயர்கூட நாளடைவில் இறுகிப் போகும், வெடிப்பு விடும்.

டயரின் வயதைத் தெரிந்துகொள்வது எப்படி?

பக்கச் சுவரில் நான்கு எண்கள் கொண்ட ஒரு முத்திரை இருக்கும். முதல் இரண்டு எண்கள் வாரம். அடுத்த இரண்டு எண்கள் ஆண்டு. 3221 என்று இருந்தால், 2021-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்தது. பழைய கார் வாங்குகிறவர்களும் இதைப் பார்த்து வாங்குவது நல்லது.

பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில், சிறு மேடு ஒன்று இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லி மீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், அது மொட்டை டயர். தடத்துக்கும் ஆகாது, ரோட்டுக்கும் ஆகாது.

நான்கு டயரும் ஒரே வகையாக இருக்க வேண்டும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று கலந்து மாட்டினால், பிடிப்பு வேறுபடும். வளைவில் வண்டி ஏமாற்றிவிடும்.

சிலர் முதல் தடவையே பந்தய டயர் வாங்கப் பணம் செலவு செய்கிறார்கள். அது தேவை இல்லை. சாதாரண டயர் பேசும். பிடிப்பு குறையும்போது முதலில் மெல்லிய சத்தம் வரும். இன்னும் அழுத்தினால் அலறும். "போதும், போதும்" என்று அது எச்சரிக்கிறது. பந்தய டயர் நெடுநேரம் பிடித்துக்கொண்டு இருக்கும். விடும்போது சட்டென்று விட்டுவிடும். கற்றுக்கொள்பவருக்குப் பேசும் டயர்தான் நல்ல வாத்தியார்.

ஆனால், சாதாரண டயரை ஒரேயடியாக விரட்டக் கூடாது. சில சுற்றுகளில் அது சூடு தாங்காமல் வழுக்க ஆரம்பிக்கும். நான்கைந்து சுற்று வேகமாக ஓட்டினால், ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆற விட வேண்டும்.

நான்கு மடங்கு!

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

காய்ந்த ரோடு. நல்ல டயர். நல்ல பிரேக். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக்கை அழுத்தியதில் இருந்து நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் ஆகும்.

120 கிலோ மீட்டர் வேகத்தில் போனால்?

வேகம் இரண்டு மடங்கு. ஆகவே தூரமும் இரண்டு மடங்கு, 40 மீட்டர் என்று பலர் சொல்வார்கள். அது சரி அல்ல. ஏறத்தாழ 80 மீட்டர் ஆகும். வேகம் இரண்டு மடங்கு ஆனால், நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகிறது!

ஆபத்தைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போகும் நேரம் இதில் சேரவில்லை. அந்த ஒரு விநாடியில், 120 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் 33 மீட்டர் ஓடிவிடும்.

இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தால் மனதில் நிற்காது. தடத்தில் ஒரு தடவை முழு பலத்தோடு பிரேக் போட்டுப் பார்த்தவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

பிரேக் போடுவதில் ஒரு முறை இருக்கிறது. கார் நேராக ஓடும்போதே போட வேண்டும். தயங்காமல் உறுதியாக அழுத்த வேண்டும். வளைவு நெருங்கும்போது காலை மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். சட்டென்று விடக் கூடாது. புதிய கார்களில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி இருக்கிறது. அது வேலை செய்யும்போது காலின் கீழே பிரேக் அதிரும். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பிரேக் ஆயிலையும் மறக்கக் கூடாது. அது காற்றில் உள்ள ஈரத்தை நாளடைவில் இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் பிரேக் பஞ்சு போல ஆகிவிடும், கால் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. தடத்துக்குப் போகும் முன் பழைய ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

ஓட்டம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது கை பிரேக் போடக் கூடாது. கொதிக்கும் பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

மெதுவாக உள்ளே, வேகமாக வெளியே

வளைவுக்குள் வேகமாகப் பாய்வதுதான் வீரம் என்று பலர் நினைக்கிறார்கள். தேர்ந்த ஓட்டிகள் அப்படிச் செய்வது இல்லை. மெதுவாக உள்ளே போகிறார்கள்; வேகமாக வெளியே வருகிறார்கள்.

வளைவின் வெளி ஓரத்தில் இருந்து தொடங்குவார்கள். உள் ஓரத்தைத் தொடுவது போல வருவார்கள். மறுபடியும் வெளி ஓரத்துக்குப் போவார்கள். இப்படிப் போனால் கூர்மையான வளைவும் அகலமான வளைவு ஆகிவிடும். டயருக்கு வேலை குறையும்.

உள் ஓரத்தைத் தொடும் இடத்தை முந்தித் தேடக் கூடாது. கொஞ்சம் தாமதமாகத் தொட வேண்டும். சீக்கிரம் தொட்டவர் கடைசியில் தடத்தை விட்டு வெளியே மண்ணில் போய் இறங்குவார்.

பார்வையும் முக்கியம். கை, கண் போகிற இடத்துக்குத்தான் போகும். சுவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் சுவருக்குத்தான் போவோம். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றில், என்ஜின் முன் சக்கரங்களை ஓட்டுகிறது. இத்தகைய காரில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை அழுத்தினால், முன் பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். அப்போது ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவது பயன்படாது. காலைக் கொஞ்சம் தளர்த்தினால், டயர் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். பதறிப்போய் காலை முழுவதும் எடுத்துவிட்டால், பாரம் முன்னே சாய்ந்து, பின் பக்கம் வழுக்கும். எதையும் சட்டென்று செய்யாதவரே நல்ல ஓட்டி.

கிளம்பும் முன் காருக்குள் இருக்கும் சாமான்களை எடுத்துவிட வேண்டும். ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக்கின் அடியில் மாட்டிக்கொண்டால் போதும். பெரிய விபத்து நடந்துவிடும். வீல் நட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட் இல்லாமல் தடத்துக்குள் இறங்கவே கூடாது.

டயர் எழுதிய தீர்ப்பு

"டயர் இவ்வளவு பெரிய விஷயமா?" என்று கேட்பவர்கள் 2005-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆண்டில்தான் நம் தமிழர் நரேன் கார்த்திகேயன், பார்முலா 1 என்ற உலகக் கார் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். அவர் கோவையில் வளர்ந்தவர்.

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் பந்தயம். 20 கார்கள் வந்திருந்தன. 14 கார்கள் ஒரு கம்பெனியின் டயரையும், 6 கார்கள் வேறு ஒரு கம்பெனியின் டயரையும் மாட்டியிருந்தன. சாய்வான ஒரு வளைவில் முதல் கம்பெனியின் டயர்கள் தாங்காது என்று பயிற்சியின்போது தெரிந்தது. அந்த வேகத்தில் போனால் பத்திரம் என்று உறுதி சொல்ல முடியாது என அந்தக் கம்பெனியே தெரிவித்தது.

என்ன செய்தார்கள்? ஒரு சுற்று மட்டும் வந்துவிட்டு, 14 கார்களும் ஒதுங்கிவிட்டன. 6 கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்தார்.

ஒதுங்கியவர்கள் கோழைகளா? இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டிகள் அவர்களில் இருந்தார்கள். கோடிக்கணக்கில் பணம் போட்ட முதலாளிகள் இருந்தார்கள். கூட்டம் சத்தம் போட்டது. என்றாலும், டயர் "முடியாது" என்றபோது அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

மொட்டை டயரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும் வாலிபர் அவர்களைவிடத் தேர்ந்தவரா?

"8" போட்டால் போதுமா?

நம் ஊரில் லைசென்ஸ் வாங்க "8" போட்டுக் காட்டுகிறோம். வண்டியைப் பின்னே எடுத்துக் காட்டுகிறோம். லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது.

80 கிலோ மீட்டர் வேகத்தில் அவசரமாக நிறுத்திக் காட்டும்படி யாரும் கேட்பது இல்லை. அப்படி நிறுத்தும் முதல் நாள், ஒரு குழந்தை குறுக்கே ஓடி வரும் நாளாக இருக்கிறது. அன்று பாடம் படிக்க நேரம் இல்லை.

இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க ஏற்ற இடம் பந்தயத் தடம். தமிழ்நாட்டில் இரண்டு நல்ல தடங்கள் இருக்கின்றன. ஆனால், கட்டணம், டயர், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால், டிராக் டே வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்காகவே இருக்கிறது.

இந்த நிலை மாற வேண்டும்.

ஆண்டில் சில நாட்களையாவது, குறைந்த கட்டணத்தில் சாதாரண மக்களுக்கு ஒதுக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் வரட்டும். டாக்சி டிரைவர்கள் வரட்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கள் வரட்டும். பக்கத்து இருக்கையில் ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். காரும் டயரும் விற்கும் கம்பெனிகள் விளம்பரத்துக்குச் செலவு செய்கின்றன. அதில் ஒரு சிறு பங்கை இதற்குக் கொடுத்தால் குறைந்துவிடாது.

"தடத்தில் பழகியவன் ரோட்டிலும் அதே வேகத்தில் போக மாட்டானா?" என்று பெற்றோர் பயப்படுவது நியாயம். அப்படிப் போகிறவர்களும் உண்டு. ஆகவேதான், முதல் நாள் கற்றுக்கொள்ள வேண்டியது ஓட்ட அல்ல, நிறுத்த. எத்தனை விநாடியில் சுற்றி வந்தான் என்று நண்பர்கள் கேட்கலாம். எத்தனை மீட்டரில் நிறுத்தினான் என்று தகப்பனார் கேட்க வேண்டும்.

சட்டத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது. பொது ரோட்டில் பந்தயம் விட்டால், 3 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால், ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019-ம் ஆண்டில் திருத்திய சட்டம் இது. பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் சாதாரணக் கார் இன்சூரன்ஸ் செல்லாது என்பதையும் தடத்துக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத்தை எதில் போடுவது?

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த வாலிபர் என்ன வாங்க வேண்டும்?

முதலில் நான்கு நல்ல டயர். அடுத்து, புது பிரேக் ஆயில். அடுத்து, காற்று அளக்கும் ஒரு சிறு கேஜ். அடுத்து, ஒரு நாள் பயிற்சியாளர் கட்டணம். இவ்வளவுக்கும் பிறகு பணம் மிஞ்சினால், மற்றதைப் பற்றி யோசிக்கலாம்.

என்ஜினுக்குச் செலவு செய்தவர், நேர் ரோட்டில் சில விநாடி முந்தலாம். டயருக்கும் பிரேக்குக்கும் செலவு செய்தவர், தடத்திலும் நன்றாக ஓட்டுவார். மாலையில் வீட்டுக்கும் வந்து சேருவார்.

வேகமாகப் போவதற்கு வலது காலில் கொஞ்சம் பலம் இருந்தால் போதும். சரியான இடத்தில் நிறுத்துவதற்குத்தான் அறிவு வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கார் உள்ள வீட்டில், தகப்பனாரும் மகனும் சேர்ந்து வாசலில் நிற்கும் வண்டியின் டயரைக் குனிந்து பார்க்கட்டும். பட்டன் எவ்வளவு இருக்கிறது? எந்த ஆண்டில் செய்தது? காற்று எவ்வளவு?

அதற்கு 5 நிமிடம் போதும்.